வயலினை வைத்துவிட்டுப் போன நண்பர்

கேள்வி: லண்டன் ஹரோவில் முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். சொந்த ஊர் யாழ்ப்பாணம். நான் கவனிக்கும் ஐயா ஆங்கிலேயர், 1929இல் பிறந்தவர். நினைவு தெளிவாக இருக்கிறது. 1939 கோடையில் வியன்னாவிலிருந்து வந்த பத்து வயது யூதப் பையன் ஒருவனை இவருடைய பெற்றோர் சாமர்செட்டில் தங்கள் வீட்டில் வைத்து வளர்த்தார்கள். இரண்டு பையன்களும் ஒரே ஆசிரியரிடம் வயலின் படித்தார்கள். வந்தவன்தான் கெட்டிக்காரன் என்று ஐயா சொல்வார். போர் முடிந்து, பெற்றோர் கொல்லப்பட்டார்கள் என்று தெரிந்த பிறகு அவன் வயலினைத் தொடவில்லை. 1947இல் வேதம் படிக்க கேட்ஸ்ஹெட்டுக்குப் போனான். 1949இல் ஒரு கடிதம் வந்தது, அதோடு சரி. வயலின் இன்னும் ஐயாவிடம் பெட்டியில் இருக்கிறது. "மதம் அவனைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது" என்கிறார். யூத மதத்தில் சங்கீதத்துக்குத் தடையா? அவரைக் கண்டுபிடிக்க முடியுமா? இப்போது தேடுவது சரிதானா? வயலினை என்ன செய்வது?

பதில்: முதலில் உங்கள் வேலை சம்பந்தமான ஒன்று. நீங்கள் அவருடைய உறவினர் அல்ல, சம்பளத்துக்குப் பராமரிப்பவர். அவர் சார்பில் கடிதம் எழுதவோ ஆவணம் கேட்கவோ தொடங்கும் முன் உங்கள் மேலாளருக்கும் அவர் குடும்பத்தில் ஒருவருக்கும் சொல்லிவிடுங்கள். "இன்னாரைத் தேட இவருக்கு அனுமதி தருகிறேன்" என்று ஐயா தேதியிட்டுக் கையெழுத்துப் போட்ட ஒரு தாள் வேண்டும். பல காப்பகங்கள் அதைக் கேட்கும். பின்னால் யாராவது கேள்வி எழுப்பினால் உங்களையும் அதுதான் காப்பாற்றும்.

அடுத்து, ஐயா சொல்வதைப் பதிவு செய்யுங்கள். காப்பகங்கள் பதில் தர மாதக்கணக்கில் ஆகும், அவருக்கோ தொண்ணூற்றைந்து தாண்டிவிட்டது. கைபேசி போதும். ஒரு தடவைக்கு அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். "அவனைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால், இத்தனை வருடம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதைதான் திரும்ப வரும். சின்னதாகக் கேளுங்கள். அவன் அம்மாவின் பெயர் என்ன? வீட்டில் அவனை எப்படிக் கூப்பிட்டார்களாம்? வியன்னாவில் எந்தத் தெரு? அப்பாவுக்கு என்ன தொழில்? வந்த அன்று பெட்டியில் என்ன இருந்தது? செஞ்சிலுவைச் சங்கம் வழியாக வந்த தாள் எதையாவது பார்த்த ஞாபகம் உண்டா? போர்க்காலத்தில் எதிரி நாட்டில் இருந்தவர்களோடு செஞ்சிலுவை மூலம் 25 சொற்களுக்குள் செய்தி பரிமாற முடிந்தது. நாஜி ஆட்சியிலிருந்து யூதப் பிள்ளைகளை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்த கிண்டர்டிரான்ஸ்போர்ட்டில் வந்த பலருக்குப் பெற்றோரின் கடைசிச் செய்தி அந்தத் தாள்தான். ஐயா வீட்டு அலமாரியில் அப்படி ஒன்று கிடந்தால், அதிலுள்ள தேதியும் முகவரியும் உங்கள் வேலையில் பாதியை முடித்துவிடும். 1949 கடிதத்தின் உறையையும் தேடச் சொல்லுங்கள். நமக்குக் கடிதத்தைவிட உறை முக்கியம். அனுப்பிய முகவரி அதன் பின்புறத்தில்தான் இருக்கும்.

இனித் தேடல். எல்லோரும் காணாமல் போன நண்பரின் பெயரிலிருந்துதான் தொடங்குவார்கள். இந்த மாதிரி விஷயங்களில் அது சரிவராது. அவர் பெயர் மாறியிருக்கலாம், நாடு மாறியிருக்கலாம், உயிரோடிருந்தால் பதிவுகள் சட்டப்படி மூடியிருக்கும். கொல்லப்பட்ட பெற்றோரின் பெயர் மாறாது. அங்கிருந்து தொடங்குங்கள்.

ஜெருசலேமில் உள்ள யாத் வஷேம் நிறுவனம், இனப்படுகொலையில் மாண்டவர்களுக்காக 1950களிலிருந்து சாட்சியப் படிவங்களைச் சேகரித்து வருகிறது. ஒருவருக்கு ஒரு தாள். பெயர், பிறந்த ஊர், தொழில், எங்கே எப்போது இறந்தார் என்பதெல்லாம் அதில் இருக்கும். கீழ்ப்பகுதியில் படிவத்தை நிரப்பியவரின் பெயர், இறந்தவருக்கு என்ன உறவு, கையெழுத்து. இந்தக் கீழ்ப்பகுதிதான் உங்களுக்கு வேண்டியது. பெற்றோருக்காகப் படிவம் நிரப்பியவர் "மகன்" என்று போட்டிருந்தால், அந்தக் கையெழுத்து உங்கள் ஐயாவின் நண்பருடையது. அவருடைய புதிய பெயரும், எந்த வருடத்தில் எந்த ஊரில் இருந்தார் என்பதும் ஒரே தாளில் கிடைத்துவிடும். பட்டியலில் சுருக்கம் மட்டும் தெரியும், அதோடு நின்றுவிடாமல் ஸ்கேன் செய்த மூலப் படிவத்தைத் திறந்து பாருங்கள். படிவம் ஹீப்ருவில் இருந்தால் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். இயந்திர மொழிபெயர்ப்பு கையெழுத்தில் தடுமாறும்.

படிவம் எதுவும் இல்லை என்றால் அடுத்தது வியன்னாவின் ஆஸ்திரிய எதிர்ப்பியக்க ஆவண மையம். கொல்லப்பட்ட ஆஸ்திரிய யூதர்களில் பெயர் தெரிந்த சுமார் 64,000 பேர் அதன் தரவுத்தளத்தில் இருக்கிறார்கள். பிறந்த தேதி, வியன்னாவில் கடைசி முகவரி, நாடுகடத்தப்பட்ட நாள், கொண்டுபோன இடம் எல்லாம் கிடைக்கும். ஒரே பெயரில் ஐந்தாறு பேர் வந்தால் குழம்ப வேண்டாம். வியன்னா நகர நூலகம் லேமன் என்ற பழைய முகவரிப் புத்தகத்தை 1942 வரைக்கும் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. குடும்பத் தலைவர் பெயர், தொழில், தெரு, வீட்டு எண் என்று வரிசையாக இருக்கும். ஐயா "அவன் அப்பா தையல்காரர்" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், ஐந்து பேர் ஒருவராகிவிடுவார்கள்.

பெயர்களில் ஒரு பொறி உண்டு. 1939 ஜனவரி முதல் நாஜிச் சட்டப்படி யூத ஆண்கள் "இஸ்ரேல்" என்றும் பெண்கள் "சாரா" என்றும் கூடுதல் பெயர் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஆவணங்களில் நடுப்பெயராக அது வரும். பெற்றோர் வைத்த பெயர் என்று நினைத்து அதைத் தேடலில் போட்டால் ஒன்றும் அகப்படாது. ஐயாவின் கடிதங்களுக்கோ நினைவுக் குறிப்புகளுக்கோ அந்தப் பெயரைக் கொண்டுவரவும் வேண்டாம். அது முத்திரை குத்தியது போன்ற ஒன்று.

பிறகு ஜெர்மனியின் ஆரோல்சன் காப்பகம். துன்புறுத்தப்பட்டவர்களைப் பற்றிய கோடிக்கணக்கான ஆவணங்கள் அங்கே இருக்கின்றன. பெரும்பகுதியை இணையத்தில் யாரும் பார்க்கலாம், எழுதிக் கேட்டாலும் கட்டணம் இல்லை. நீங்கள் லண்டனிலேயே இருப்பதால் ரஸ்ஸல் சதுக்கத்தில் உள்ள வீனர் நூலகத்தை அணுகுவது இன்னும் சுலபம். அந்தக் காப்பகத்தின் மின்பிரதி அவர்களிடம் இருக்கிறது, தேடித் தரவும் ஆட்கள் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் பேசி முடித்துவிடலாம்.

பெற்றோர் இறந்த தேதியை இவ்வளவு துருவுவது நண்பரைக் கண்டுபிடிப்பதற்கு மட்டும் இல்லை. காரணத்தைக் கீழே சொல்கிறேன். உதாரணத்துக்கு ஒன்று: 1942 மே 6 அன்று வியன்னாவின் ஆஸ்பாங் நிலையத்திலிருந்து சுமார் ஆயிரம் பேரோடு ஒரு ரயில் புறப்பட்டது. மே 11 அன்று மின்ஸ்க் நகருக்குப் போய்ச் சேர்ந்தது. இறக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் அன்றே நகரை ஒட்டிய மாலி திராஸ்தினெட்ஸ் அருகில் காட்டுக்குள் சுடப்பட்டார்கள். அந்த ரயிலில் ஒருவர் ஏற்றப்பட்டார் என்பது உறுதியானால், இறந்த நாளும் அநேகமாக உறுதி. யூத நாட்காட்டியில் அது 5702ஆம் ஆண்டு இய்யார் மாதம் 24. நம்மவர்கள் திதி பார்ப்பது போலவே அவர்களும் சந்திர நாட்காட்டிப்படிதான் நினைவுநாள் அனுசரிக்கிறார்கள். முதல் நாள் மாலை 24 மணி நேரம் எரியும் விளக்கேற்றி, கதிஷ் என்ற பிரார்த்தனை சொல்வார்கள். தேதி தெரியாதவர்களுக்குத் தெவேத் மாதம் பத்தாம் நாளை இஸ்ரேலின் தலைமை ரபிகள் (மதகுருக்கள்) பொதுவாக ஒதுக்கியிருக்கிறார்கள். பெற்றோரின் நாள் தெரியாமலே எண்பது வருடம் ஓட்டிய பிள்ளைகள் பலர். உங்கள் ஐயாவின் நண்பரும் அப்படி ஒருவராக இருந்தால், ஐயா அவருக்குக் கொடுக்கக்கூடிய பொருள்களில் வயலினைவிட இந்தத் தேதி பெரிது.

இனி இங்கிலாந்துப் பதிவுகள். எதில் நேரத்தை வீணாக்கக் கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கப்பல் பயணிகள் பட்டியலில் தேடாதீர்கள். பாதுகாக்கப்பட்டிருப்பவை ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வந்த கப்பல்களின் பட்டியல்கள். ஹாலந்திலிருந்து ஹார்விச்சுக்கு வந்த பிள்ளைகள் அவற்றில் இல்லை. 1940இல் இங்கிலாந்து முகாம்களில் அடைத்த வெளிநாட்டவரின் அட்டைகளிலும் வேண்டாம், அது பதினாறு வயதைத் தாண்டியவர்களுக்கு. 1939 செப்டம்பர் 29இல் எடுத்த தேசியப் பதிவேட்டில் ஐயாவின் வீடு இருக்கும். ஆனால் நூறு வயதாகாதவர்களின் வரி கறுப்புப் பட்டையால் மூடப்பட்டிருக்கும். மாறாக, நண்பரின் வரி திறந்தே இருந்தால் அது நல்ல செய்தி அல்ல. 1991க்கு முன் இறந்ததாகக் குறிக்கப்பட்டவர்களின் வரிதான் வழக்கமாக அப்படித் திறந்திருக்கும்.

கைகொடுக்கக்கூடியது குடியுரிமைப் பதிவு. போர்க்காலத்தில் நிறுத்தி வைத்திருந்த குடியுரிமை வழங்கலை 1946இல் மறுபடி தொடங்கினார்கள். பெற்ற ஒவ்வொருவர் பெயரும் அரசிதழான லண்டன் கெஸட்டில் முகவரியோடு வந்தது. கெஸட்டை இணையத்தில் இலவசமாகத் தேடலாம். கியூவில் உள்ள தேசியக் காப்பகத்தில் எச்.ஓ. 334 என்ற தொகுப்பில் சான்றிதழின் நகல் இருக்கும், அதில் பெற்றோர் பெயரும் உண்டு. எந்தப் பெயரில் தேடுவது என்று யோசிப்பீர்கள். 1919 சட்டப்படி வெளிநாட்டவர் இங்கே தங்கள் பெயரை மாற்றிக்கொள்ளக் கூடாது, சில விதிவிலக்குகள் தவிர. 1971 வரை அந்தத் தடை இருந்தது. ஆகவே குடியுரிமை கிடைக்கும் நாள் வரை வியன்னாப் பெயர்தான் இருந்திருக்கும். அந்தப் பெயரில் தேடுங்கள், கிடைத்தால் அதற்குப் பிந்தைய வருடங்களில் பெயர் மாற்றத்தைத் தேடுங்கள். கெஸட்டில் ஆளே இல்லை என்றால் குடியுரிமை வாங்காமலே அமெரிக்காவுக்கோ இஸ்ரேலுக்கோ போயிருக்கலாம்.

வேர்ல்டு ஜூயிஷ் ரிலீஃப் அமைப்பிடம் அந்தக் காலப் பிள்ளைகளின் பதிவுச் சீட்டுகள் இருக்கின்றன. அவற்றை அந்தந்தப் பிள்ளைக்கோ அவர் குடும்பத்துக்கோதான் கொடுப்பார்கள். நண்பரோ அவர் பிள்ளைகளோ கிடைத்த பிறகு அவர்களிடம் இதைச் சொல்லுங்கள். யூத அகதிகள் சங்கம் 1941 முதல் இயங்குகிறது, அதன் மாத இதழின் பழைய பிரதிகள் 1946லிருந்து இணையத்தில் உண்டு. "இன்னாரைத் தேடுகிறோம்" அறிவிப்புகள் அதில் ஏராளம். உங்கள் ஐயாவை யாராவது தேடியிருக்கிறார்களா என்றும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அதை யாரும் செய்வதில்லை.

ஃபேஸ்புக்கில் இல்லை, கூகிளில் இல்லை என்பதை வைத்து ஆள் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். கட்டுப்பாடான யூதக் குடும்பங்களில் பலர் இணையத்தை ஒதுக்கியே வைத்திருக்கிறார்கள். அங்கே செய்தி போவது அச்சுத்தாள் வழியாகவும் வாய்வழியாகவும். லண்டனில் வரும் ஜூயிஷ் டிரிபியூன் வாரப் பத்திரிகையில் நான்கு வரி விளம்பரம், கேட்ஸ்ஹெட்டில் உள்ள யெஷிவா (வேதப் பாடசாலை) அலுவலகத்துக்கு ஒரு கடிதம், இரண்டும் பல மாத இணையத் தேடலுக்குச் சமம். 1947இல் அங்கே படித்தவர்கள் இன்று சிலரே இருப்பார்கள். ஆனால் யார் யாருடைய மருமகன், யார் எங்கே ரபியாக இருந்தார் என்பதை அந்தச் சமூகத்தில் மறக்க மாட்டார்கள். விளம்பரத்தில் வியன்னாப் பெயர், சாமர்செட் ஊர், வருடங்கள் மட்டும் போடுங்கள். வயலின் என்ற சொல்லை விட்டுவிடுங்கள்.

இறந்திருக்கக்கூடும் என்று தோன்றினால் இங்கிலாந்தின் உயில் பதிவுத் தேடலில் பாருங்கள். 1858 முதல் இருக்கிறது. தேடுவதற்குக் காசில்லை, நகலுக்குத்தான். இறந்த தேதியும் கடைசி முகவரியும் கிடைக்கும்.

இனி அந்தக் கேள்வி: யூத மதத்தில் சங்கீதத்துக்குத் தடையா?

இல்லை. ஆனால் எல்லைகள் உண்டு. ஓய்வுநாளிலும் பண்டிகை நாள்களிலும் வாத்தியம் வாசிக்கக் கூடாது. யூதச் சட்ட விளக்க நூலான தல்மூத் சொல்லும் காரணம் உங்கள் ஐயாவுக்கு வேடிக்கையாக இருக்கும். வாசிப்பவர் வாத்தியத்தைச் சீர்செய்யத் தொடங்கிவிடுவார், அது வேலையாகிவிடும் என்பதுதான். பிருடையைத் திருகாமல் வயலின் வாசித்தவர் யார்? கி.பி. 70இல் ஜெருசலேம் ஆலயம் அழிந்த துக்கத்தால் ஜெப ஆலய வழிபாட்டில் வாத்தியம் நின்றது. பஸ்காவுக்கும் வாரங்களின் பண்டிகைக்கும் இடைப்பட்ட நாள்களில் பலர் இசை கேட்பதில்லை. கோடையில் இன்னொரு மூன்று வாரமும் அப்படி. மற்றபடி கல்யாணத்தில் இசை வேண்டும், ஓய்வுநாள் விருந்தில் மேசையைத் தட்டிக்கொண்டு பாடுவார்கள். கிழக்கு ஐரோப்பிய யூதக் கல்யாண மேளத்தில் வயலின்தான் தலைவாத்தியம்.

துக்கம் காப்பதற்கும் கணக்கு உண்டு. பெற்றோர் இறந்தால் பன்னிரண்டு மாதம் இசையையும் விருந்துகளையும் தவிர்ப்பார்கள். அப்படியானால் 1945க்குப் பிறகு ஒரு வருடம் வாசிக்காமல் இருந்தது அந்தச் சட்டத்தால்தானே என்று கேட்கலாம். அதுவும் இல்லை. இறந்து பன்னிரண்டு மாதம் கழித்துச் செய்தி தெரிந்தால் சட்டம் கேட்கும் துக்கம் ஒரே ஒரு மணி நேரம். சட்டையைக் கிழித்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, தாழ உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்குப் பின் எழுந்துவிடலாம். 1942இல் இறந்த பெற்றோருக்காக 1945இல் பதினாறு வயதுப் பையனுக்கு அவன் மதம் விதித்தது அவ்வளவுதான். மிச்ச வருடங்கள் அவனே எடுத்துக்கொண்டவை. "மதம் பிடுங்கிக்கொண்டது" என்று ஐயா சொல்லும்போது இதை அவருக்கு விளக்குங்கள்.

கேட்ஸ்ஹெட்டுக்குப் போனதற்கு இன்னும் நடைமுறையான காரணங்கள் இருந்திருக்கும். பெற்றோருக்காகக் கதிஷ் சொல்லப் பதின்மூன்று வயது கடந்த யூத ஆண்கள் பத்துப் பேர் கூட வேண்டும். ஒன்பது பேர் இருந்தால் சொல்ல முடியாது. சாமர்செட்டில் ஒரு சிறு ஊரில், கிறிஸ்தவக் குடும்பத்தில் இருந்த பையனுக்கு அந்தப் பத்துப் பேர் எங்கே கிடைப்பார்கள்? ஐயாவின் வீட்டில் எவ்வளவு அன்பு இருந்தாலும் இதைக் கொடுத்திருக்க முடியாது. யெஷிவாவில் ஒவ்வொரு நாளும் காலை, மதியம், மாலை மூன்று வேளையும் கிடைக்கும்.

தொழில் பிரச்சினை இன்னொன்று. ஓய்வுநாள் வெள்ளி சூரிய அஸ்தமனத்தில் தொடங்கிச் சனி இரவு முடிகிறது. கச்சேரி நடக்கும் நேரமே அதுதான். வெள்ளி மாலையும் சனியும் வாசிக்க மாட்டேன் என்கிற வயலின்காரரை எந்த ஆர்க்கெஸ்ட்ரா எடுத்துக்கொள்ளும்? பதினெட்டு வயதில் ஓய்வுநாளைக் கடைப்பிடிப்பது என்று முடிவு செய்தவனுக்கு அந்தக் கதவு தானாகவே சாத்திக்கொள்ளும். வேறு வழியில் போனவர்களும் உண்டு. அதே வியன்னாவிலிருந்து அகதிகளாக வந்த நார்பர்ட் பிரைனின், சிக்மண்ட் நிஸ்ஸல், பீட்டர் ஷிட்லாஃப் மூவரும் இங்கிலாந்தின் தடுப்பு முகாம்களில் அறிமுகமாகி, வயலின் ஆசிரியர் மாக்ஸ் ரோஸ்டலிடம் படித்து, அமாடியஸ் குவார்டெட் என்ற இசைக்குழுவைத் தொடங்கினார்கள். 1948 ஜனவரி 10 அன்று விக்மோர் ஹாலில் அவர்கள் அரங்கேறிய வேளையில் ஐயாவின் நண்பர் கேட்ஸ்ஹெட்டில் தல்மூத் படித்துக்கொண்டிருந்தார். இரண்டில் எது சரி என்று தீர்ப்புச் சொல்வதற்கு நாம் யார்?

ஐயாவுக்குத் தெரியாமல் இருக்கக்கூடிய ஒன்றும் உண்டு. 1944இல் தனிச் சட்டம் போட்டு, பெற்றோரின்றி வந்த அகதிப் பிள்ளைகள் அனைவருக்கும் லார்டு கோரெலைச் சட்டப்படியான பாதுகாவலர் ஆக்கினார்கள். அப்போது சட்டப்படி பெரியவராகும் வயது 21. அதாவது ஐயாவின் பெற்றோர் வளர்த்தார்களே ஒழிய, பையன் எங்கே போவது என்று முடிவு செய்யும் உரிமை அவர்களிடம் இல்லை. போருக்குப் பிறகு கிறிஸ்தவ வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளைச் சமூகத்துக்குத் திரும்பக் கொண்டுவர ரபிகள் பலர் அலைந்தார்கள். "ஏன் தடுக்கவில்லை" என்று ஐயா தன் பெற்றோரை இன்னும் மனதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தால், தடுக்க முடியாது என்பதே பதில்.

தேடுவது சரிதானா என்று கேட்டீர்கள். தேடுவது சரி. கண்டுபிடித்ததும் கதவைத் தட்டுவதுதான் தவறு. முகவரி கிடைத்தாலும் நேரே போகவோ தொலைபேசியில் கூப்பிடவோ வேண்டாம். இடையில் ஒருவர் வழியாகக் கடிதம் கொடுங்கள். அகதிகள் சங்கம், உள்ளூர் ரபி, இல்லையென்றால் பிரிட்டிஷ் செஞ்சிலுவையின் குடும்பத் தேடல் பிரிவு. அந்தப் பிரிவை நம் ஆட்களிலேயே பலருக்குப் பழக்கம். ஆளைக் கண்டுபிடித்தால் அவர் சம்மதம் கேட்ட பிறகே முகவரியைத் தேடியவருக்குத் தருவார்கள். யாரை யார் தேடலாம் என்பதற்கு அங்கே வரையறை உண்டு, முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. ஐயாவின் கையெழுத்து நடுங்கினாலும் கடைசி இரண்டு வரியை அவரே எழுதட்டும். நான் யார், எந்த வீடு, எந்த வருடங்கள், என் பெற்றோர் எப்போது காலமானார்கள், உன்னை நினைத்துக்கொண்டிருக்கிறேன், பதில் எழுதுவதும் எழுதாமல் விடுவதும் உன் விருப்பம். இவ்வளவுதான். "ஏன் எழுதவில்லை" என்ற கேள்வியை ஐயா எழுதச் சொன்னால் எழுதிக்கொள்ளுங்கள், பிறகு பக்குவமாகப் பேசி எடுக்கச் சொல்லுங்கள். வயலினும் முதல் கடிதத்தில் வேண்டாம். பெற்றோரைப் பற்றிக் கிடைத்த ஆவணங்களையும் உறைக்குள் வைத்துவிடாதீர்கள். "சில தாள்கள் கிடைத்திருக்கின்றன, வேண்டுமானால் அனுப்புகிறேன்" என்று ஒரு வரி போதும். அந்த வயதில் காலைத் தபாலைப் பிரிக்கும்போது நாடுகடத்தல் பட்டியல் கையில் விழக் கூடாது. கடிதத்தை மகனோ பேரனோ பிரிக்கலாம், வளர்ந்த வீட்டைப் பற்றி அவர்களுக்கு எதுவுமே தெரியாமல் இருக்கலாம் என்பதையும் மனதில் வைத்து எழுதுங்கள்.

பதில் வந்து பேச வேண்டியிருந்தால் ஓய்வுநாளில் தொலைபேசி அடிக்காதீர்கள். டிசம்பரில் லண்டனில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், ஆகவே வெள்ளி மதியம் இரண்டு மணிக்குப் பிறகு எடுக்க வேண்டாம். செப்டம்பர், அக்டோபரில் பண்டிகைகள் அடுத்தடுத்து வரும், பதில் தாமதமானால் கவலைப்படாதீர்கள். நேரில் போனால் நீங்கள் பெண்ணாக இருந்தால் அவர் கைகுலுக்க மாட்டார். அது அவமரியாதை இல்லை. நீங்களும் கை நீட்ட வேண்டாம், நம் வழக்கப்படி கும்பிட்டால் போதும். வீட்டில் செய்த பலகாரம் கொண்டுபோகாதீர்கள், கோஷர் என்ற அவர்களுடைய உணவுச் சட்டப்படி சாப்பிட முடியாது. முழுப் பழங்கள் பரவாயில்லை.

வயலினுக்கு வருகிறேன். எடுத்துச் சுருதி கூட்ட வேண்டாம். நான்கு தந்தியும் சேர்ந்து இருபது கிலோவுக்கு மேல் இழுக்கும். பல பத்து வருடம் சும்மா கிடந்த பெட்டியில் பசை காய்ந்து விளிம்புகள் விட்டிருக்கும், முறுக்கினால் மேற்பலகை பிளந்துவிடலாம். தந்திகளை மொத்தமாகக் கழற்றவும் கூடாது. குதிரை விழுவதோடு, உள்ளே ஒட்டாமல் நிற்கும் சவுண்ட் போஸ்ட் என்ற சின்னக் குச்சியும் சாய்ந்துவிடும். அதை நிமிர்த்தத் தனிக் கருவி வேண்டும். வில்லில் மயிர் அறுந்து தொங்கினால் பூச்சி தின்றிருக்கலாம், பெட்டியை வெயில் படாத இடத்தில் திறந்து வையுங்கள். ரேடியேட்டர் பக்கம் வேண்டாம்.

பிறகு ஒரு டேப்பை எடுத்து, பின்பலகையின் நீளத்தை மட்டும், கழுத்தை விட்டுவிட்டு, அளந்து பாருங்கள். முப்பத்தைந்தரை சென்டிமீட்டர் வந்தால் பெரியவர்கள் வாசிக்கும் முழு அளவு, இங்கிலாந்தில் பின்னால் வாங்கிக் கொடுத்ததாக இருக்கும். முப்பத்துமூன்றரையோ முப்பத்தொன்றோ வந்தால் சிறுவர் அளவு. பத்து வயதுப் பையன் ரயிலில் கையில் பிடித்துக்கொண்டு வந்தது அதுவாக இருக்கலாம், அப்படியானால் வாங்கிக் கொடுத்தவர்கள் வியன்னாவில் அவனுடைய பெற்றோர். இந்த வித்தியாசம் முக்கியம். முழு அளவு என்றால் ஐயா குடும்பத்தின் பொருள் என்றும் வாதிடலாம். சிறுவர் அளவு என்றால் பெரும்பாலும் அது நண்பருடையது, அவர் இல்லையென்றால் அவர் பிள்ளைகளுடையது. ஒலித்துளை வழியாக டார்ச் அடித்து உள்ளே ஒட்டிய சீட்டைப் படம் எடுங்கள். பழங்கால வயலின் மேதை "ஸ்ட்ராடிவாரியஸ்" பெயர் இருந்தால் துள்ளிக் குதிக்க வேண்டாம், தொழிற்சாலை வயலின்களில் அந்தச் சீட்டு சாதாரணம். பெட்டியின் மூலைகளிலும் உள்துணிக்கு அடியிலும் பாருங்கள், செருகிய சீட்டுகள், வியன்னாக் கடை முத்திரை, ஒரு தெருப் பெயர் கிடைக்கலாம். வெளிநாட்டுக்கு அனுப்புவதாக இருந்தால் வில்லின் நுனியில் யானைத் தந்தம் இருக்கிறதா என்று வயலின் பழுதுபார்ப்பவரிடம் கேளுங்கள். தந்தம் எல்லை தாண்ட அனுமதிப் பத்திரம் வேண்டும்.

அவர் இறந்துவிட்டார் என்று தெரிந்தால் பிள்ளைகளுக்கு அதே ஒரு பக்கக் கடிதம். அவர்கள் வாங்கிக்கொள்ளக்கூடியது வயலின் மட்டுமில்லை. அப்பா பத்து வயதில் எப்படி இருந்தார், என்ன விளையாடினார், எந்த மெட்டை விசிலடிப்பார் என்று சொல்ல அவர்களுக்கு இப்போது உங்கள் ஐயாவைத் தவிர யாரும் இல்லை. அந்த மெட்டு நினைவிருந்தால் ஐயாவை முனகச் சொல்லிப் பதிவு செய்து வையுங்கள். கல்லறைக்குப் போனால் பூ வேண்டாம், ஒரு சின்னக் கல்லை வைப்பதுதான் வழக்கம். கல்லறைக் கல்லில் அவருடைய ஹீப்ருப் பெயரும் தகப்பன் பெயரும் இருக்கும், அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பதிலே வராமல் போனால் ஆறு மாதம் பொறுத்து இன்னொரு கடிதம். அதற்கும் இல்லை என்றால் நிறுத்திவிடுங்கள், மூன்றாவது கடிதம் தொந்தரவு. அப்போது செய்யக்கூடியது ஒன்று உண்டு. யாத் வஷேமில் அந்தப் பெற்றோருக்குப் படிவம் இல்லையென்றால் ஐயாவே நிரப்பலாம். சொந்தக்காரராக இருக்க வேண்டும் என்ற விதி இல்லை. தெரிந்த பெயர், தெரு, தொழில், வருடம் மட்டும் எழுதி, உறவு என்ற இடத்தில் "மகனின் நண்பர்" என்று போட்டு, அவர் கையெழுத்திட்டு அனுப்பட்டும்.